ப.மா.

எங்கள் பழைய குடியிருப்பில் வீட்டு எண்ணைச் சொன்னால் போதும், எந்த மாடி, எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒன்றிலிருந்து பத்து வரை தரைத்தளம். பதினொன்றிலிருந்து இருபது வரை முதல் மாடி. மூன்றாவது மாடி நாற்பதில் முடியும். ஏழுக்கு நேர் மேலே பதினேழு, அதற்கு மேலே இருபத்தேழு, அதற்கும் மேலே முப்பத்தேழு. நான்கும் ஒரே அளவு. ஒரு கூடம், தடுப்புச் சுவருக்குப் பின்னால் சமையல் மேடை, கடல் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். முப்பத்தேழில் பாத்திரம் கழுவினால் ஏழின் சுவரை ஒட்டி இறங்கும் குழாயில் அந்தச் சத்தம் கேட்கும்.

வீட்டை ஒதுக்கிய குடிசை மாற்று வாரியத்தின் காகிதத்தில் எங்கள் வீடு முப்பத்தேழு. நாங்கள் இருந்தது ஏழில். அத்தையின் வீடு காகிதத்தில் ஏழு. அவள் இருந்தது முப்பத்தேழில். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அத்தை எங்களுக்கு உறவில்லை. மயிலாப்பூர்க் கரையில் விடிவதற்கு முன்பே நின்று மீன் எடுத்து, சாலையோரம் பலகை போட்டு விற்பவள். அவள் வீட்டுச் சுவரில் மாதா படம், எங்கள் வீட்டில் முருகன். என் அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கு அத்தை.

அப்பா பெயிண்டர். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது தியாகராய நகரில் ஒரு கடைக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடித்துக்கொண்டிருந்தவர் சாரத்திலிருந்து விழுந்தார். இடது காலில் கம்பி வைத்தார்கள். அதன் பிறகு நான்கு மாதம் முப்பத்தேழை விட்டு அவர் தானாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். அப்பா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பார்.

அப்படி ஒரு நாள் தரைத்தளத்தில் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை பின்னாலேயே மேலே ஏறி வந்தாள்.

"அண்ணே, நீ கீழ வந்துடு. நான் மேல போயிடறேன். எனக்குத்தான் காலு நல்லா கீதே."

அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். "மீன் கூடையத் தூக்கிக்கினு மூணு மாடி ஏறுவியா நீ?"

"அடப் பைத்தியமே. மீன் இருந்தா நான் ஏன் வூட்டுக்கு வரப்போறேன்? வித்துட்டு காலிக் கூடையோடதானே ஏறுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொண்டார்கள். அத்தையின் கணவர் முன்பே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஏழாம் எண் அவள் மாமியாரின் பெயரில் இருந்தது. அந்த மாமியாரும் அதற்கு முந்தைய வருடம் போய்விட்டாள். ஆகவே மேலே போனது ஒரு ஆள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், இரண்டு கூடை, மாதா படம். கீழே வந்தது மூன்று பேர், ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், முருகன், என் புத்தகப் பை. பூட்டுகளை யாரும் கழற்றவில்லை. அப்பா முப்பத்தேழின் சாவியை அத்தையிடம் கொடுத்தார். அத்தை ஏழின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தாள். எழுத்து வேலை எதுவும் நடக்கவில்லை. பிளாக்கில் எல்லோரும் "மாத்திக்கினாங்க" என்றார்கள். அதற்கு மேல் அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. ரேஷன் கார்டிலும், பிறகு வந்த ஆதாரிலும் பழைய எண்ணே இருந்தது. தபால்காரர் முப்பத்தேழுக்கு வரும் கடிதத்தை ஏழில் போட்டுவிட்டுப் போவார்.

அந்த ஏழில் இருந்துதான் நான் படித்தேன். சிவில் எஞ்சினியரிங். இப்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பழைய கட்டடங்கள் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. சுவரையும் தூணையும் தட்டிப் பார்த்து, எங்கே உள்ளே பொள்ளலாக இருக்கிறது, எங்கே கம்பி துருப்பிடித்திருக்கிறது என்று வரிசையாக எழுத வேண்டும். எனக்கு அது பிடிக்கும். ஒரு கட்டடத்தின் எல்லாக் கோளாறும் ஒரு பட்டியலுக்குள் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது போலத் தோன்றும்.

எங்கள் குடியிருப்பின் கோளாறுகளுக்கு என் படிப்பு தேவையில்லை. கடல் காற்றில் கம்பிகள் ஊதி, கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே தெரிந்தன. இருபத்திரண்டாம் எண் வீட்டில் ஒரு நாள் கூரைப் பூச்சு பெயர்ந்து சாதத் தட்டில் விழுந்தது. பதினான்காம் எண் வீட்டின் ஜன்னல் மேலிருந்த சன்ஷேடு இரவோடு இரவாகக் கீழே கிடந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது பாதிப் பேருக்குச் சந்தேகம். சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மாடிப்படிக்குக் கீழே நின்று பேசினேன். இந்தக் கட்டடத்தைப் பழுது பார்க்க முடியாது, இடிப்பதுதான் சரி என்றேன். இன்றைக்கும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

"இடிச்சிட்டு, கட்டி முடிச்சப்புறம் எங்களுக்கே குடுப்பாங்கன்னு இன்னா நிச்சயம்?" என்று ஒருவர் கேட்டார்.

"லிஸ்ட்ல பேர் இருந்தா குடுப்பாங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை சத்தமாகச் சொன்னாள்: "லிஸ்ட்டு எழுதப் போறதே நம்ம பொண்ணுதான். அப்புறம் இன்னாத்துக்கு பயம்? கையெழுத்து போடுங்கடா."

சிரித்துக்கொண்டே வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அவள் விரலில் எப்போதும் ஒட்டியிருக்கும் செதில் ஒன்று அந்தத் தாளில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று வாரியம் எடுக்கும் கணக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருந்தபோது அத்தை கீழே வந்தாள். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு தோணுது. அவுங்க வர்ற அன்னிக்கு மட்டும் நான் கீழ நின்னுக்கறேன். நீங்க மேல போய் நின்னுக்கங்க. காயிதத்துல எப்டி கீதோ அப்டியே நின்னுட்டா கேள்வியே இல்ல."

"மூணு மாடி ஏத்தணுமே என்னை" என்றார் அப்பா.

"ஒரு நாளைக்கு ஏத்த மாட்டாங்களா? நாலு பசங்க இருக்கானுங்க. நாற்காலிய நானே ஒரு கால் புடிக்கிறேன்."

நான்தான் வேண்டாம் என்றேன். அதற்கு மூன்று காரணங்கள் சொன்னேன். ஒன்று, பொய்த் தகவல் கொடுத்தால் பிறகு ரத்து செய்ய அதுவே காரணம் ஆகிவிடும். இரண்டு, அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லிவிடலாம். மூன்று, பட்டியலில் நான் குறிப்பு என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன், அதில் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன்.

"எழுதினா புரிஞ்சிக்குவாங்களா?" என்றாள் அத்தை.

"புரியற மாதிரி எழுதுவேன் அத்த."

"அப்ப சரி. நீ படிச்சவ." அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, "தப்பிச்ச அண்ணே. நாற்காலி ஊர்வலம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து பிளாக்கில் இப்படி மாற்றிக்கொண்டவர்கள் நான்கு ஜோடி இருந்தார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரியும். அவர்கள் கணக்கெடுப்பு நடந்த காலையில் மட்டும் அவரவர் காகித வீட்டில் போய் நின்றார்கள். சாமி படங்களைக்கூட மாற்றி மாட்டினார்கள். மதியம் திரும்பி வந்து பழையபடி சமைத்துச் சாப்பிட்டார்கள். நான்கு ஜோடிக்கும் இன்று வீடு இருக்கிறது.

என் பட்டியலில் ஆறு கட்டங்கள். வரிசை எண், வீட்டு எண், ஒதுக்கீடு பெற்றவர் பெயர், இப்போது குடியிருப்பவர் பெயர், ஆட்கள், குறிப்பு. கடைசிக் கட்டம் ஒடுங்கலாக இருந்ததால் சுருக்கெழுத்து வைத்துக்கொண்டேன். வாரிசு என்றால் வா. பூட்டியிருந்தால் பூ. பரஸ்பர மாற்றம் என்றால் ப.மா. "மாத்திக்கினாங்க" என்பதை ஆபீஸ் தமிழில் எப்படி எழுதுவது என்று அரை நாள் யோசித்துக் கண்டுபிடித்த சொல் அது. ஏழாம் எண்ணுக்கு நேராக ப.மா. என்று போட்டேன். முப்பத்தேழுக்கு நேராக "7 காண்க" என்று எழுதினேன். ஒரே தகவலை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்று எனக்குப் பழக்கம். சுருக்கெழுத்துகளின் விளக்கத்தை மூன்றாம் பக்கத்தில், தனியாக, கட்டம் கட்டி அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது.

கணக்கெடுக்க வந்தவர்களுக்கு என் பட்டியல் பெரிய நிம்மதி. "எல்லா பிளாக்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா நாங்க சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவோம்" என்று ஒருவர் சொன்னார். நான் அவர்களோடு மாடி மாடியாக ஏறினேன். வீட்டு எண் எழுதிய சிலேட்டைக் கையில் கொடுத்து வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். முப்பத்தேழின் வாசலில் அத்தை மாம்பழ நிறப் புடவையில் நின்றாள். மாதா கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டும் புடவை.

"வாடகையாம்மா?" என்று கேட்டார் படம் எடுத்தவர்.

"இல்ல சார். மாத்திக்கினோம்."

"மாத்திக்கிட்டதுன்னா?"

அத்தை என்னைப் பார்த்தாள். "குறிப்புல இருக்கு சார்" என்றேன் நான். அவர் பட்டியலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், படம் எடுத்தார். அத்தை சிலேட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தற்காலிகப் பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். முப்பத்தேழுக்கு நேராக அப்பாவின் பெயர். ஏழுக்கு நேராக "ஒதுக்கீடு ரத்து" என்று இருந்தது. ஆட்சேபணை தெரிவிக்கப் பதினைந்து நாள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "என் பேரு எங்க கீது, காட்டு" என்றாள். சுவரைக் காட்டாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருந்தவர் கடுமையான மனிதர் இல்லை. வருவாய்த் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஓய்வு பெறும் வயது. கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"இந்த லிஸ்ட் யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"ரொம்ப நீட்டா இருக்கு. இதைத்தான் அப்படியே எடுத்துக்கிட்டோம். ஏழுல அலாட்டி, ஒதுக்கீடு வாங்கினவங்க, இறந்துட்டாங்க. உள்ள இருக்கிறது உங்க குடும்பம். உங்க அப்பாவுக்கு முப்பத்தேழு இருக்கு, இந்தம்மா அங்க உங்க ஆளா தங்கியிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டோம். ஏழாம் நம்பரைக் கை மாத்தி வாங்கியிருக்கீங்க. நீங்களே ப.மா.ன்னு போட்டிருக்கீங்களே."

"ஆமா சார். பரஸ்பர மாற்றம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னது?"

"பரஸ்பர மாற்றம் சார். ரெண்டு வீட்டுக்காரங்க வீட்டை மாத்திக்கிட்டது. இவங்க மேல போனாங்க, நாங்க கீழ வந்தோம்."

"அடடா" என்றார் அவர். "எனக்குத் தெரிஞ்சு ப.மா.ன்னா பட்டா மாறுதல்தாம்மா. இத்தனை வருஷமா அதைத்தானே எழுதிக்கிட்டு இருக்கேன். வித்துட்டாங்க போலன்னு..."

"மூணாம் பக்கத்துல விளக்கம் இருக்கு சார்."

அவர் புரட்டினார். கோப்பில் இரண்டு பக்கம்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் வீட்டு எண் எதுவும் இல்லாததால் யாரோ எடுத்துப் போட்டிருக்க வேண்டும்.

"இன்னா சொல்றாரு?" என்று அத்தை என் முழங்கையைத் தொட்டாள். நான் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா? ரெண்டு எழுத்துதானே? மாத்தி எழுதச் சொல்லு."

"மாத்தலாம்" என்றார் அவர் என்னிடம். "உங்க அப்பா உறுதிமொழிப் பத்திரம் குடுக்கணும். எனக்கு ஒதுக்கின வீட்டுல இத்தனை வருஷமா நான் குடியில்லைன்னு. அது வந்தா ரெண்டு ஃபைலும் மேல போகும். அனுமதியில்லாம மாத்திக்கிட்டதும் விதிமீறல்தான். ஏழு திரும்பக் கிடைக்கலாம். முப்பத்தேழும் சேர்ந்து போகலாம். ரெண்டுக்கும் வழி இருக்கு. நான் பொய் சொல்லக் கூடாது."

ஆட்டோவில் திரும்பும்போது அத்தையிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். அப்பா ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன்.

"அண்ணன் குடுக்கும்" என்றாள்.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "எழுதிக்கினு வா. போடறேன்" என்றார்.

"போடு" என்றாள் அம்மா. "போட்டுட்டு எங்க போய் ஒக்காருவ? இந்தக் காலை வச்சிக்கினு எவன் வூட்டுக்கு மாடி ஏறுவ?"

"அன்னிக்கு அவ ஏறலன்னா இன்னிக்கு எனக்கு காலே ஏது?"

"நான் இல்லன்னா சொல்றேன்? அவ தெய்வம்தான். ரெண்டும் போச்சுன்னா அவளுக்கு இன்னா வரப்போவுது? அத மட்டும் சொல்லு. அவளுக்கு இன்னா வரப்போவுது?" அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மேலே குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. மூவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம், எங்கள் பேச்சும் மேலே கேட்டுவிடும் என்பதுபோல.

பத்திரத்தை அடித்து வந்தேன். அப்பா கையெழுத்துப் போட்டார். நான் அதை என் ஆபீஸ் பையில், லேப்டாப்புக்குப் பின்னால் இருக்கும் அறையில் வைத்தேன். அன்றைக்கு ஆறாவது நாள். ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டு ஒரு பக்கம் கொடுத்தால், இன்னொரு பக்கம் கொடுக்காவிட்டால் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நிறைந்தது. அத்தை பெயரில், வாரிசு என்ற முறையில், அப்பாவின் பத்திரம் இல்லாமல் ஒரு மனு மட்டும் ஒன்பதாம் நாள் கொடுத்தேன். அது நிற்காது என்று கொடுக்கும்போதே தெரியும்.

அத்தை தினமும் கேட்டாள். கரையிலிருந்து வரும் வழியில் ஏழின் ஜன்னலுக்குள் தலையை நீட்டுவாள்.

"குடுத்துட்டியா கண்ணு?"

"நாளைக்கு அத்த."

பதினொன்றாம் நாளும் நாளைக்கு என்றேன். பன்னிரண்டாம் நாள் அவள் ஜன்னலில் நின்றாள், அப்பாவின் காலைப் பற்றிக் கேட்டாள், கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் எனக்கு அடையாறில் வேலை. ஒரு பழைய அடுக்குமாடியின் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் மோர் கொடுத்து, "எங்க பில்டிங் நிக்குமா?" என்று கேட்டார்கள். நிற்கும் என்றேன். நான்கு மணிக்கு முடித்துக்கொண்டு டெப்போவுக்கு வந்தேன். ஆபீஸ் ஐந்தே முக்கால் வரை திறந்திருக்கும். பத்திரம் பையில் இருந்தது. அந்தப் பக்கம் போகும் பஸ் வந்தது, போயிற்று. அடுத்தது வந்தது. எத்தனை விட்டேன் என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணும் நான் அதை மட்டும் எண்ணவில்லை. பிறகு மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அத்தை பொதுக் குழாயடியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி முதலில் என் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. பிறகு மறுபடி மீனைப் பார்த்தாள்.

"அம்மாவ ஒரு சட்டி எடுத்தாரச் சொல்லு. நெத்திலி நெறைய கீது."

உள்ளே போனதும் அப்பா கேட்டார். "குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்பா."

அதை நான் சொன்னபோது வெளியே குழாயடியில் தண்ணீர் நின்றது. அவள் காதில் விழுந்திருக்கும். விழாமல் இருக்க வழியில்லை. ஏழுக்கும் குழாயடிக்கும் ஆறடி தூரம்.

அத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்று அம்மா பிறகு எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தாள். நாளாக நாளாக அம்மாவே அதை நம்பிவிட்டாள். அத்தை அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று நான் நினைக்காத நாளில்லை. ஆனால் சொல்லவில்லை.

மனுவுக்குப் பதில் வந்தது. மனுதாரர் பட்டியலின்படி மேற்படி வீட்டில் குடியிருக்கவில்லை. அந்தப் பட்டியல் என்னுடையது. அந்தப் பதிலை அப்பாவிடம் காட்டவில்லை.

வீடு காலி செய்தபோது என்னென்ன எந்தப் பெட்டியில் என்று எழுதினேன். எங்களுக்கு அடையாறில், ஆற்றுக்குப் பக்கத்தில் தரைத்தள வாடகை வீடு கிடைத்தது. அத்தை காசிமேட்டில் தன் தம்பி வீட்டுக்குப் போனாள். ஒரு குட்டி யானை லோடு வண்டியில் அவள் பெட்டியும் ஸ்டவும் ஏறின. மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா வாசலில் கோலை ஊன்றி நின்றார்.

"பதில் வந்தா உடனே சொல்லு" என்றார்.

"வரும் அண்ணே" என்றாள்.

கட்டி முடிக்க அவர்கள் சொன்னதைவிட அதிக வருடம் ஆயிற்று. இடிக்கும்போது நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி வெட்டுப்பட்டு நின்றது. முப்பத்தேழின் சமையல் மேடைக்கு மேலே புகை படிந்த சுவரில் மாதா படம் இருந்த சதுரம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

இரண்டாம் வருடம் அப்பா போனார். தூக்கத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் அத்தையோடு போனில் பேசுவார். கடைசி ஞாயிற்றுக்கிழமையும் பேசினார். வாரிசுச் சான்று வாங்கி, அவர் பெயரிலிருந்த ஒதுக்கீட்டை அம்மா பெயருக்கு மாற்றினேன். எல்லாத் தாளும் சரியாக இருந்ததால் ஒரே வாரத்தில் முடிந்தது.

இந்த வருடம் குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது மாடியில் வீடு விழுந்தது. பால் காய்ச்சுகிற அன்று அத்தையைக் கூப்பிடவே கூடாது என்று நினைத்தேன். அம்மா கூப்பிட்டுவிட்டாள். அவள் வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கீழிருந்து போன் வந்தது. "இன்னாடி இது, கதவே தொறக்க மாட்டேங்குது" என்றாள். லிப்டைச் சொல்கிறாள்.

நான் இறங்கிப் போய் அழைத்து வந்தேன். மெலிந்திருந்தாள். மாம்பழ நிறப் புடவை வெளுத்திருந்தது. காசிமேட்டில் பலகை போட இடம் இல்லை என்றும், இன்னொருத்தியிடம் கூலிக்கு மீன் ஆய்ந்து தருவதாகவும் அம்மா சொல்லித் தெரியும். அவள் லிப்டின் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எண்கள் மாறுவதைப் பார்த்தாள். எண்கள் மட்டும் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"அண்ணன் காலுக்கு இது அப்பவே இருந்திருந்தா" என்றாள், "நாம மாத்திக்கினே இருக்க மாட்டோம்ல?"

கதவு திறந்தது.

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சமையல் மேடையைக் கையால் தடவினாள். ஜன்னலில் நின்று கடலைப் பார்த்து, அன்றைக்கு எத்தனை படகு போயிருக்கிறது என்று எண்ணினாள். அம்மா பால் டம்ளரைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் அத்தை கொஞ்ச நேரம் நின்றாள்.

"கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருந்துச்சு" என்றாள் மெதுவாக, என்னிடம். "பதில் வந்துச்சா, பதில் வந்துச்சான்னு. வரும் அண்ணே, ஆபீஸ்னா லேட்டாவும்னு நான் சொல்லிக்கினே இருந்தேன்."

பத்திரம் அப்போதும் என் பையில்தான் இருந்தது. இடையில் பையை மாற்றியபோதும் அதை எடுத்துப் புதுப் பையில் வைத்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவள் இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பழைய இரும்புச் சாவி. வளையத்தில் அப்பா கட்டிவிட்ட பச்சை நூல்.

"முப்பத்தேழு" என்றாள். "அண்ணன் குடுத்தது. திருப்பிக் குடுக்கணும்ல."

ஏழின் சாவியை அவள் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு, "வெயில் ஏர்றதுக்குள்ள பஸ்ஸ புடிக்கணும்" என்று வாசல் பக்கம் போனாள். நான் போய் அலமாரியைத் திறந்தேன். இரண்டு இழுப்பறையையும் வெளியே இழுத்தேன். ஏழின் சாவியைக் காலி செய்த அன்றே பூட்டோடு சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம். என் பட்டியலில் அது இருக்கிறது, "தேவையில்லாதவை" என்ற தலைப்பில், நான்காவதாக. அது தெரிந்தும் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே லிப்ட் வந்து நிற்கும் சத்தமும், கதவு மூடும் சத்தமும் கேட்டன.